கல்யாணம் பண்ணினா பெட்டிஷன் போயிடுமா? – பிலிப்பைன்ஸ் பெண்களின் சட்டச் சிக்கல்கள்



போன மாதம் நம்ம கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டம் முடிந்து, தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம். ஒரு உறுப்பினர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய மகள் குவைத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறார்.

"மேடம், எம் பொண்ணுகூட ஒரே ரூம்ல தங்கியிருக்கிற பிள்ளை பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரி. அதுவும் நர்ஸுதான். முப்பது வயசு ஆகுது. கப்பல்ல வேலை பார்க்கிற பையனோட ஏழு வருஷமாப் பழக்கம். ரெண்டு வீட்டுக்கும் சம்மதம். ஆனா கல்யாணம் மட்டும் பண்ணிக்க மாட்டேங்குது. கேட்டா, 'கல்யாணம் பண்ணினா அமெரிக்காவுல எங்கம்மா போட்ட பெட்டிஷன் செத்துப் போயிடும்'னு சொல்லி அழுவுதாம். கல்யாணம் பண்ணினா பேப்பர் ஏன் மேடம் சாகணும்?"

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் வக்கீல் இல்லை. படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். நம்ம பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் இந்தப் பெண்களோடுதான் ஒரே அறையில் தங்கி, ஒரே வார்டில் வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய கஷ்டம் என்ன என்று நமக்கும் தெரிந்திருப்பது நல்லது.

முதலில் அந்த நாட்டைப் பற்றிக் கொஞ்சம். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு பிலிப்பைன்ஸ். மக்கள் தொகை 11 கோடிக்கு மேல். பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாடுகளில் ஒப்பந்த வேலை செய்து வீட்டுக்குப் பணம் அனுப்புகிறார்கள். இவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 1898 முதல் 1946 வரை அமெரிக்கர்கள் அந்த நாட்டை ஆண்டார்கள். அதனால் ஆங்கிலப் படிப்பும் நர்ஸ் படிப்பும் அங்கே வேரூன்றிவிட்டது. அமெரிக்காவில் சொந்தக்காரர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்கிறார்கள்.

பெட்டிஷன் என்றால் என்ன?

அமெரிக்காவில் குடியேறிய ஒருவர், ஊரில் இருக்கும் தன் சொந்தத்தை அழைத்துக்கொள்ள அந்த நாட்டு அரசுக்கு ஒரு மனுப் போடலாம். இதைத்தான் அவர்கள் பெட்டிஷன் என்கிறார்கள். நம்ம ஊரில் ரேஷன் கார்டுக்கு மனுப் போடுவதுபோல நினைத்துவிடாதீர்கள். இதில் வரிசை உண்டு. அந்த வரிசை வருடக்கணக்கில் நீளும்.

மனுப் போடுபவர் இரண்டு வகை. ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர், அதாவது சிட்டிசன். இன்னொருவர் கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர். அவர் அங்கே நிரந்தரமாக இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் குடியுரிமை இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சிக்கலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சிட்டிசனாக இருப்பவரின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குக் கீழே உள்ள கல்யாணம் ஆகாத பிள்ளைகள், தாய் தகப்பன் இவர்களுக்கு வரிசை கிடையாது. மற்ற எல்லோருக்கும் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே நாட்டுக்கு மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிலிப்பைன்ஸிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் ரொம்ப அதிகம். அதனால் அவர்கள் வரிசை பெரும்பாலான நாடுகளைவிட நீளம்.

சிட்டிசனின் வயது வந்த, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு ஒரு வரிசை. சிட்டிசனின் கல்யாணம் ஆன பிள்ளைக்கு இன்னொரு வரிசை. கிரீன் கார்டு வைத்திருப்பவரின் வயது வந்த, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு மூன்றாவது வரிசை. சரி, கிரீன் கார்டு வைத்திருப்பவரின் கல்யாணம் ஆன பிள்ளைக்கு? அதற்கு வரிசையே இல்லை. சட்டத்தில் அப்படி ஒரு இடமே கிடையாது.

குவைத்தில் இருக்கும் பெண்ணின் சிக்கல் இதுதான். அவருடைய அம்மா கலிபோர்னியாவில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். கிரீன் கார்டு இருக்கிறது, குடியுரிமை வாங்கவில்லை. மகளுக்காக மனுப் போட்டு ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இன்று மகள் தாலி கட்டிக்கொண்டால் – அவர்களுக்குத் தாலி கிடையாது, மோதிரம் – அந்த நிமிடமே அம்மா போட்ட மனு தானாக ரத்தாகிவிடும். யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. காத்திருந்த ஒன்பது வருடமும் போச்சு. நாளைக்கே அம்மா சிட்டிசன் ஆனாலும் பழைய மனு உயிர் பெறாது. புதிதாகப் போட்டு, வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும்.

"அப்ப அம்மா முதல்ல சிட்டிசன் ஆயிட்டா?" என்று கேட்டார் நம்ம உறுப்பினர். நல்ல கேள்வி. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆங்கிலமும் வரலாறும் கேட்டுத் தேர்வு வைப்பார்கள். அம்மா சிட்டிசன் ஆன பிறகு மகள் கல்யாணம் செய்துகொண்டால் மனு சாகாது. ஆனால் வரிசை மாறிவிடும். கல்யாணம் ஆன பிள்ளைகளின் வரிசைக்குப் போய்விடுவார். முதலில் மனுப் போட்ட தேதியே கணக்கில் இருக்கும், அது ஒரு ஆறுதல். ஆனால் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அந்த வரிசை இருபது வருடத்துக்கு மேல் போகிறது. நாற்பது வயதில் போய் இறங்கி என்ன செய்வது என்று அந்தப் பெண் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிட்டிசன் ஆனால் எல்லாம் வேகமாக நடக்கும் என்றுதானே நினைப்போம்? பிலிப்பைன்ஸ்காரர்களுக்குச் சில காலங்களில் இது தலைகீழாக இருந்தது. கிரீன் கார்டுக்காரர் பிள்ளையின் வரிசை வேகமாகவும், சிட்டிசன் பிள்ளையின் வரிசை மெதுவாகவும் நகர்ந்தது. அம்மா ஆசையாகக் குடியுரிமை வாங்கியதால் மகனுடைய முறை பின்னால் தள்ளிப்போன குடும்பங்கள் உண்டு. இதைச் சரிசெய்ய 2002-ல் அமெரிக்காவில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கல்யாணம் ஆகாத பிள்ளை விரும்பினால், "நான் பழைய வரிசையிலேயே இருக்கிறேன்" என்று எழுதிக் கொடுக்கலாம். இந்த வசதி இருப்பது பல பேருக்குத் தெரியாது.

ரகசியக் கல்யாணம்

பெட்டிஷனுக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, சேர்ந்து வாழ்ந்து, பிள்ளையும் பெற்றுக்கொண்ட தம்பதிகள் அங்கே ஏராளம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சட்டம் அப்படித் தள்ளுகிறது. கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளையின் பொறுப்பு அந்த நாட்டுச் சட்டப்படி அம்மாவிடம்தான். 2004-ல் வந்த சட்டத்தின்படி, அப்பா தன் பிள்ளை என்று எழுதி ஒப்புக்கொண்டால் பிள்ளை அவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பின்னால் இருவரும் கல்யாணம் செய்துகொண்டால் பிள்ளைக்கு முழு உரிமையும் வந்துவிடும். கரு உண்டான காலத்தில் அவர்கள் ஒருவரை ஒருவர் மணக்கச் சட்டத் தடை எதுவும் இருந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். அம்மாவுக்கு விசா கிடைக்கும்போது பிள்ளையையும் கூடக் கூட்டிப் போகலாம். தகப்பன் மட்டும் ஊரில் நிற்பார்.

ஆபத்து எங்கே என்றால், ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டு, விசா நேர்காணலில் "கல்யாணம் ஆகவில்லை" என்று சொல்வதில்தான். பெரியவர்கள் வற்புறுத்துவார்கள். "ஊர் பேசுது, சின்னதா சர்ச்ல முடிச்சுக்குவோம், யாருக்குத் தெரியப்போகுது?" என்பார்கள். தெரிந்துவிடும். அங்கே நடக்கும் ஒவ்வொரு கல்யாணமும் உள்ளூர்ப் பதிவாளர் மூலம் பிலிப்பைன்ஸ் புள்ளியியல் ஆணையத்துக்குப் போய்ச் சேருகிறது. தூதரகம் அந்த ஆணையத்தின் சான்றைத்தான் கேட்கும். பொய் சொன்னது தெரிந்தால் மோசடி என்று எழுதி, அமெரிக்காவுக்குள் நிரந்தரமாக நுழையத் தடை போடுவார்கள். பத்து வருடம் கழித்து அங்கே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதோ, "என் கணவரை அழைக்கிறேன்" என்று பழைய கல்யாணத் தேதியோடு மனுப் போடும்போதோ மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அப்போது கையில் இருக்கும் கிரீன் கார்டும் ஆட்டம் காணும்.

இன்னொரு குழி இருக்கிறது. நேர்காணலில் உண்மையாகவே கல்யாணம் ஆகவில்லை. விசாவும் கையில் வந்துவிட்டது. விமானம் ஏற இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அந்த இடைவெளியில் சந்தோஷமாகக் கல்யாணத்தை முடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். இதுவும் தப்பு! கல்யாணம் ஆகாதவர் என்ற தகுதியில் கொடுத்த விசா அது. அமெரிக்காவில் போய் இறங்கும் நிமிடம்வரை கல்யாணம் ஆகாதவராகவே இருக்க வேண்டும். இறங்கிய பிறகு, அடுத்த விடுமுறையில் திரும்பி வந்து முறைப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம். பிறகு கிரீன் கார்டுக்காரரின் கணவர் என்ற வகையில் அவருக்கு மனுப் போடலாம். அதற்கும் சில வருடங்கள் காத்திருக்க வேண்டும். ஆனாலும் ஒளிவு மறைவு இல்லாத வழி.

கனடா போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே குடியேறும் சமயத்தில் கணவரையோ பிள்ளையையோ காட்டாமல் மறைத்தால், பின்னால் அவர்களைக் குடும்பப் பிரிவில் அழைக்க முடியாது என்று விதி இருக்கிறது. கூடவே வரவில்லை என்றாலும் விண்ணப்பத்தில் பெயரை எழுத வேண்டும்.

வெளிநாட்டு மாப்பிள்ளை

பிலிப்பைன்ஸ் பெண்களை வெளிநாட்டு ஆண்களுக்குப் படம் போட்டு, விளம்பரம் செய்து, காசு வாங்கிக்கொண்டு கட்டி வைக்கும் தொழில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்தது. அடி உதை, கொத்தடிமை மாதிரி வீட்டு வேலை என்று போன இடத்தில் பட்டவர்கள் நிறைய. 1990-ல் அந்த நாடு இந்தத் தொழிலைக் குற்றம் என்று சட்டம் போட்டது. 2016-ல் அதை மாற்றி, ஆண் பெண் இருவருக்கும், இணையதளத்துக்கும் பொருந்தும்படி புதிய சட்டம் கொண்டுவந்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. வெளிநாட்டவரைக் கட்டிக்கொண்டோ, கட்டப்போகிறவராகவோ குடியேறக் கிளம்பும் ஒவ்வொருவரும் ஒரு ஆலோசனை வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். வெளிநாடுவாழ் பிலிப்பினோக்கள் ஆணையம் என்று 1980 முதல் ஒரு அரசு அமைப்பு இருக்கிறது. அவர்கள்தான் நடத்துகிறார்கள். மாப்பிள்ளையை நேரில் பார்த்திருக்கிறாயா, என்ன வேலை, முன்னால் கல்யாணம் ஆகியிருக்கிறதா, எந்த மொழியில் பேசிக்கொள்வீர்கள், அடித்தால் யாரைக் கூப்பிடுவாய் என்றெல்லாம் கேட்டுப் பேசுவார்கள். சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தில் விடமாட்டார்கள். "எங்களை நம்பாம என்ன கேள்வி?" என்று சில பெண்களுக்குக் கோபம் வருமாம். எனக்கு என்னவோ, இப்படி ஒரு வகுப்பு நம்ம ஊரிலும், வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்கும் வீடுகளுக்கு வைத்தால் தேவலை என்றுதான் தோன்றுகிறது. ஆள் கடத்தல் புகாருக்கு அங்கே 1343 என்ற தொலைபேசி எண் இருக்கிறது.

அமெரிக்க மாப்பிள்ளை என்றால் நிச்சயித்த பெண்ணுக்கான விசா ஒன்று உண்டு. கே-1 என்று பெயர். சிட்டிசனாக இருப்பவர் மட்டும்தான் இதற்கு மனுப் போட முடியும். கிரீன் கார்டுக்காரர் போட முடியாது. மனுப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் இருவரும் ஒரு தடவையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். போய் இறங்கிய 90 நாளுக்குள் அவரையேதான் கட்ட வேண்டும். அவர் சரியில்லை என்று தெரிந்தால் திரும்பி வரலாமே தவிர, அங்கேயே வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டு தங்க முடியாது. இந்த விசாவுக்குக் காத்திருக்கும்போது பாட்டியின் ஆசைக்காக ஊரில் ஒரு கல்யாணச் சடங்கு வைத்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். "உங்களுக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சே, நிச்சயித்த பெண் விசா எதுக்கு?" என்று தூதரகம் மறுத்துவிடும். பிறகு மனைவி என்று முதலிலிருந்து மனுப் போட வேண்டியதுதான்.

2005-ல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டத்தை இந்தப் பெண்கள் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாப்பிள்ளை முன்பு வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவர் என்றால், அந்த விவரத்தைத் தூதரக அதிகாரி பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். பெண்ணின் உரிமைகள் பற்றிய கையேடும் தர வேண்டும். கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகாதவர்களுக்கு முதலில் இரண்டு வருடக் கார்டுதான் கிடைக்கும். பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நிரந்தரமாக்க வேண்டும். "நான் கையெழுத்துப் போடமாட்டேன், உன்னை ஊருக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டும் கணவர்கள் உண்டு. அடி உதை பட்டதைக் காட்டினால், கணவன் கையெழுத்து இல்லாமலே மனைவி தனியாக விண்ணப்பிக்கலாம். மிரட்டலுக்குப் பயந்து கொடுமையைச் சகிக்க வேண்டியதில்லை.

ஊரில் கல்யாணம் செய்வதென்றால்

அந்த நாட்டின் குடும்பச் சட்டம் 1988 ஆகஸ்டு 3-ல் நடைமுறைக்கு வந்தது. கல்யாண வயது ஆணுக்கும் பெண்ணுக்கும் 18. குழந்தைத் திருமணம் செய்து வைப்பது குற்றம் என்று 2021 டிசம்பரில் தனிச் சட்டமும் வந்தது. 18 முதல் 21 வயது வரை பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும். 21 முதல் 25 வரை பெற்றோரின் 'அறிவுரை' வேண்டும். அவர்கள் அதைக் கொடுக்கவில்லை என்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணத்தைத் தடுக்க முடியாது. நகராட்சியில் உள்ள பதிவாளரிடம் விண்ணப்பித்து, பத்து நாள் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு லைசென்ஸ் தருவார்கள். அது 120 நாள்தான் செல்லும். விடுமுறையில் வரும் கப்பல்காரர்களும் நர்ஸுகளும் இந்தத் தேதிக் கணக்கில்தான் தடுமாறுகிறார்கள். கல்யாணத்தன்று இருவரும் நேரில் நிற்க வேண்டும். ஒருவர் கப்பலில் இருந்துகொண்டு போனில் கல்யாணம் செய்ய முடியாது. பங்குத்தந்தை, போதகர், நீதிபதி, மேயர் போன்றவர்கள் நடத்தலாம். ஊர்த் தலைவர் நடத்தினால் செல்லாது. (அங்கே சிற்றூரைப் 'பாரங்காய்' என்கிறார்கள். கூட்டத்தில் இதைச் சொன்னதும் ஒரே சிரிப்பு.)

இருவரும் வெளிநாட்டில் இருந்தால் பிலிப்பைன்ஸ் தூதரக அதிகாரியே கல்யாணத்தை நடத்தி வைக்கலாம். அந்தந்த நாட்டுச் சட்டப்படி செய்துகொண்டாலும் பொதுவாகச் செல்லும். தூதரகத்தில் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும்.

ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஒரு சலுகை இருக்கிறது. அவசரக்காரர்கள் பழகி ஆறு மாதம்கூட ஆகாமல் "ஐந்து வருடம் வாழ்ந்தோம்" என்று பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு கல்யாணம் செல்லவே செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் கழித்து வந்த தீர்ப்பு!

முக்கியமான காகிதம் செனோமார். "இவருக்குக் கல்யாணம் ஆனதாகப் பதிவு இல்லை" என்ற சான்று. புள்ளியியல் ஆணையம் தருகிறது. இதில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். ஐந்து வருடமாகப் பழகியவரைக் கட்டிக்கொள்ள ஒரு பெண் செனோமார் கேட்டிருக்கிறார். கைக்கு வந்த தாளில், 2002-ல் செபு நகர நீதிமன்றத்தில் ஒரு கொரியருக்கும் உனக்கும் கல்யாணம் ஆகிவிட்டது என்று இருந்தது. அந்த ஆளை இவர் பார்த்ததே இல்லை. பாஸ்போர்ட் எடுக்கக் கொடுத்த விவரங்களை வைத்து வேறு யாரோ இவர் பெயரில் கல்யாணம் செய்திருக்கிறார்கள். நீதிமன்ற ஊழியர் வந்து "அன்றைக்கு வந்த பெண் இவர் இல்லை" என்று சாட்சி சொன்னார். கையெழுத்து நிபுணரும் போலி என்றார். கடைசியில் 2014-ல்தான் உச்ச நீதிமன்றம், அந்தப் பதிவில் மனைவி என்ற இடத்தில் உள்ள விவரங்களை நீக்கச் சொன்ன தீர்ப்பை உறுதி செய்தது. ஆதார் நகலையும் போட்டோவையும் கேட்டவுடன் எடுத்து நீட்டுகிறோமே, அப்போது எனக்கு இந்தப் பெண்ணின் ஞாபகம் வருகிறது.

விவாகரத்து இல்லாத நாடு

இன்றைக்கு உலகத்தில் விவாகரத்துச் சட்டம் இல்லாத இடங்கள் இரண்டு: வாடிகன், பிலிப்பைன்ஸ். அங்குள்ள முஸ்லிம்களுக்கு மட்டும் 1977-ல் வந்த தனிச் சட்டப்படி உண்டு. 2018-லும் 2024-லும் விவாகரத்து மசோதா கீழ்ச்சபையில் நிறைவேறியது. இரண்டு தடவையும் செனட் சபையில் நின்றுவிட்டது.

அப்படியானால் கணவன் ஓடிப்போன பெண் என்ன செய்வாள்? கல்யாணமே ஆரம்பத்திலிருந்து செல்லாது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பெரும்பாலோர் போவது 36-ஆம் பிரிவுக்கு. 'மனரீதியாகக் குடும்பக் கடமையை நிறைவேற்ற முடியாதவர்' என்று காட்ட வேண்டும். முன்பெல்லாம் மனநல மருத்துவர் அறிக்கை இல்லாமல் ஜெயிப்பது கஷ்டம். 2021-ல் உச்ச நீதிமன்றம், இது நோய் என்று காட்டத் தேவையில்லை, நிபுணர் சாட்சியும் கட்டாயமில்லை என்று சொன்னது. ஆனாலும் வக்கீல் செலவும் வருடக்கணக்கான அலைச்சலும் ஏழைப் பெண்ணால் தாங்கக்கூடியது இல்லை. தீர்ப்பு இல்லாமல் இன்னொருவரைக் கட்டிக்கொண்டால் இருதாரக் குற்றம் என்று வழக்கு வரலாம். தண்டனை ஆறு வருடத்துக்கு மேல், பன்னிரண்டு வருடம் வரை. முதல் கல்யாணம் பதிவில் இருக்கும்வரை செனோமாரும் கிடைக்காது, கே-1 விசாவும் கிடைக்காது.

வெளிநாட்டு விவாகரத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. 26-ஆம் பிரிவின்படி, வெளிநாட்டுக் கணவர் தன் நாட்டில் விவாகரத்து வாங்கினால் பிலிப்பைன்ஸ் மனைவியும் மறுமணம் செய்யலாம். இருவரும் பிலிப்பைன்ஸ்காரர்களாகக் கல்யாணம் செய்து, பின்னால் ஒருவர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி விவாகரத்து செய்தாலும் இது பொருந்தும் என்று 2005-ல் தீர்ப்பு வந்தது. அப்போதும் ஒரு கேள்வி இருந்தது. கணவன் இல்லாமல் மனைவியே வழக்குப் போட்டு விவாகரத்து வாங்கியிருந்தால்? ஜப்பானியரைக் கட்டிய ஒரு பெண் ஜப்பான் நீதிமன்றத்தில் தானே விவாகரத்து வாங்கியிருந்தார். 2018-ல் உச்ச நீதிமன்றம் அதுவும் செல்லும் என்றது. ஆனால் எந்த வெளிநாட்டு விவாகரத்தையும் பிலிப்பைன்ஸ் நீதிமன்றத்தில் காட்டி அங்கீகாரம் வாங்கினால்தான் பதிவு மாறும். இருவருமே இன்னும் பிலிப்பைன்ஸ் குடியுரிமையில் இருக்கும்போது அமெரிக்காவில் விவாகரத்து வாங்கினால், ஊரில் அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான். எது முதலில், எது பின்னால் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பெயரும் நிலமும்

கல்யாணம் ஆனதும் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே கட்டாயம் இல்லை, விருப்பம்தான். ஆனால் ஒரு தடவை பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைப் போட்டுவிட்டால், கணவர் இறந்தாலோ கல்யாணம் ரத்தானாலோ தவிர பழைய பெயருக்குத் திரும்ப முடியாது என்று 2010-ல் தீர்ப்பு இருந்தது. 2024-ல் வந்த புதிய பாஸ்போர்ட் சட்டம், பிறந்த வீட்டுப் பெயருக்கு ஒரு தடவை திரும்ப வழி செய்துவிட்டது.

வெளிநாட்டவரைக் கட்டினால் குடியுரிமை போய்விடாது. 1987 அரசியல் சட்டமே சொல்கிறது. பிறப்பால் பிலிப்பைன்ஸ் குடியுரிமை உள்ளவர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினாலும், 2003-ல் வந்த சட்டப்படி உறுதிமொழி எடுத்துப் பழையதையும் மீட்டுக்கொள்ளலாம். வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. ஆகவே வெளிநாட்டுக் கணவர் பணம் கொடுத்து மனைவி பெயரில் வாங்குகிறார்கள். பிரிந்தபோது "என் பணத்தையாவது கொடு" என்று ஒரு ஜெர்மன்காரர் வழக்குப் போட்டார். 2006-ல் உச்ச நீதிமன்றம், தடை இருப்பது தெரிந்தே வாங்கினீர்கள், திருப்பிக் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது.

பிலிப்பைன்ஸ் ஆணையும் பெண்ணையும் பொறுத்தவரை, கல்யாணத்துக்கு முன் தனி ஒப்பந்தம் எழுதாவிட்டால், முன்னால் சம்பாதித்ததும் பெரும்பாலும் பொதுச் சொத்தாகிவிடும். பத்து வருடம் குவைத்தில் உழைத்து ஒரு மனை வாங்கிய பெண், அதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ள நினைத்தால், கல்யாண நாளுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு எழுதினால் செல்லாது.

சரி, அந்தப் பெண்ணுக்கு என்ன வழி? அவருடைய படிப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகள் நர்ஸ்களுக்கு வேலை அடிப்படையில் மனுப் போடுகின்றன. அந்த வகையில் கல்யாணம் ஆனதா இல்லையா என்பது தடையே இல்லை. கணவரும் 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளும் கூடவே போகலாம். இதிலும் வரிசை உண்டு, ஆனால் இருபது வருடம் இல்லை. என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் தேர்வை எழுதித் தேற வேண்டும், மணிலாவிலேயே எழுதலாம். இதை நம்ம உறுப்பினரிடம் சொன்னேன். அவர் மகளிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் இப்போது இரவு டியூட்டி முடித்து வந்து புத்தகத்தை எடுக்கிறதாம். அதுவரை அம்மாவின் பெட்டிஷன் அப்படியே கிடக்கட்டும் என்று முடிவாம்.

"அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப செனோமாரையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துடச் சொல்லுங்க" என்று அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.